ஆத்தி மரத்துக்கு விழுந்த ஓட்டு

புனேயின் வாகட் பகுதியில், எங்கள் குடியிருப்பின் பின்மூலையில், கழிவுநீர் சுத்திகரிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆத்தி மரம் இருந்தது. நான் வைத்த மரம். தண்ணீர் ஊற்றினேன், எரு போட்டேன், கரையான் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். இதெல்லாம் எந்த மரத்துக்கும் செய்வதுதான். இந்த மரத்துக்கென்று தனியாக நான் செய்தது ஒன்று உண்டு. அது என்ன மரம் என்று ஒன்பது வருஷம் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் புனேக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆத்திக்கு மராத்தியில் ஆப்டா என்று பெயர். தசரா அன்றைக்கு அதன் இலைதான் தங்கம். ஆட்டுக்குட்டியின் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த சின்ன இலை. சாயங்காலம் வீடு வீடாகப் போய் அதைக் கையில் வைத்து, “ஸோனம் க்யா, ஸோன்யாஸார்க்கம் ராஹா” என்பார்கள். தங்கம் வாங்கிக்கொள்ளுங்கள், தங்கமாய் இருங்கள் என்று அர்த்தம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தத் தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க, பண்டிகைக்கு மறுநாள் ஊரைச் சுற்றியிருக்கிற குன்றுகள் பக்கம் போக வேண்டும். மரம் மரமாகக் கிளை முறிந்து, பட்டை உரிந்து தொங்கும். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போய் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

என் வேலை தோட்டம் வரைவது. திருச்சியில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, கல்யாணமாகி புனே தாபோடியில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் போசரியில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை. வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியாது. தோட்டம் வடிவமைக்கிற ஓர் ஆபீசில் சேர்ந்து, ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கேயே குப்பை கொட்டினேன். முதலில் மையும் டிரேசிங் தாளும், பிற்பாடு கம்ப்யூட்டர். மேலிருந்து பார்த்தால் மரம் ஒரு பச்சை வட்டம், அவ்வளவுதான். பில்டர் கேட்பார், “மேடம், வட்டத்தைக் கொஞ்சம் பெருசா போடுங்க.” இருபது வருஷத்து மரத்தின் நிழலை வரைந்து கொடுப்பேன். அவர் நடுவது விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஒன்று. அதையும் நம்பி ஜனங்கள் வீடு வாங்கினார்கள்.

இத்தனை வருஷம் தோட்டம் வரைந்ததில் எனக்குப் புரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்று. எவன் கை ஓங்குகிறதோ அவன் முதல் வேலையாகப் பழைய ஆளின் செடியைப் பிடுங்குவான். மொகலாயர்கள் சதுரத்தை நாலாகப் பிரித்து நடுவில் வாய்க்கால் ஓட்டினார்கள். பேஷ்வாக்கள் காலத்தில் பெரிய வீடுகளின் முற்றத்தில் நீரூற்றும் பூச்செடியும் வந்தன. வெள்ளைக்காரன் பங்களாவைச் சுற்றிப் புல்வெளி போட்டான். அவன் ஊரில் புல்லை மழை வளர்த்தது, இங்கே நம் ஆள் குடம் தூக்கி வளர்த்தான். தெருவுக்குத் தூங்குமூஞ்சி மரமும் மயில்கொன்றையும் கடல் தாண்டி வந்து சேர்ந்தன. மொட்டைக் குன்றுகளைப் பச்சையாக்குகிறோம் என்று பிற்பாடு வந்தவர்கள் சீமை அகத்தியை வரிசை வரிசையாக நட்டார்கள். இப்போது ராஜா யார் என்றால், பில்டரின் விளம்பரப் புத்தகம். அதன் அட்டைப்படத்தில் ஒரு பனை நிற்கும். பனை என்றால் நம் பனை இல்லை, பாட்டில் மாதிரி அடி பருத்த வெளிநாட்டுப் பனை. நிழல் கிடையாது, பழம் கிடையாது, குருவிகூட உட்காராது. அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வேறு.

வாகட்டில் நாங்கள் வீடு வாங்கியபோது, நான் வரைந்த மாதிரியே ஒரு தோட்டம்தான் எங்களுக்கும் வாய்த்தது. கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் கொஞ்சம் மண்ணைக் கொட்டி, அதன்மேல் புல்லும் பனையும். வேர் இரண்டு முழம் போனால் சிமென்ட். மொத்த வளாகத்தில் நிஜமான மண் இருந்த ஒரே இடம் அந்தப் பின்மூலைதான். தொட்டியின் நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் அங்கே வரமாட்டார்கள். “அங்கே நான் ஏதாவது நட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டபோது அப்போதிருந்த கமிட்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். எனக்கென்ன, சிரித்துக்கொள்ளட்டும்.

நர்சரியில் ஆத்திக் கன்று ஓரமாகக் கிடந்தது. யாரும் கேட்கமாட்டார்கள். மெதுவாக வளரும், கோணல்மாணலாக வளரும், கோடையில் இலை உதிர்த்துவிட்டுப் பஞ்சத்தில் அடிபட்டது போல நிற்கும். விளம்பரப் புத்தகத்துக்கு ஆகாத மரம். சோழ ராஜாக்கள் அதன் பூவைத்தான் மாலை கட்டிப் போட்டுக்கொண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் ஊரில் அந்த மரத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. புனேக் குன்றில்தான் முதலில் பார்த்தேன். முப்பது வருஷமாக அடுத்தவர்களுக்குப் பனை வரைந்து கொடுத்தவளுக்கு, ஒரு மரமாவது தன் இஷ்டத்துக்கு வைக்க வேண்டும் என்று இருந்தது. வேறு எந்தப் பெரிய நோக்கமும் இல்லை.

வீட்டுக்காரர்தான் குழி தோண்டிக் கொடுத்தார். “இது ஆப்டாதானே? ஃபேக்டரில ஆயுத பூஜைக்கு மெஷின் மேலல்லாம் வெப்பாங்களே” என்றார். தொழிற்சாலையில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? “தெரிஞ்சா தெரிஞ்சதோட இருங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்றேன். ஏன் என்று விளக்கினேன். அவரும் தலையை ஆட்டினார்.

மரம் வளர்ந்தது. எங்கள் வளாகத்தில் பாதிக்குமேல் மராத்திக்காரர்கள். வருஷா வருஷம் அதே இலையைக் கூடையில் வைத்து விற்கிறவர்களிடம் கட்டுக் கட்டாக வாங்கி வருகிறவர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த மூலைப் பக்கம் வந்து நிமிர்ந்து பார்த்ததில்லை. கட்டாக வந்தால்தான் அவர்களுக்கு அது தங்கம், கிளையில் இருந்தால் குப்பைச் செடி. எனக்கு அது ரொம்ப சௌகரியமாக இருந்தது. சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் அடியில் உட்காருவேன். நாற்றம் பழகிவிட்டது.

போன வருஷம் புதுக் கமிட்டி வந்தது. சேர்மன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மராத்திக்காரர். செக்ரட்டரி கோயம்புத்தூர்ப் பையன், ஐடியில் வேலை. நம் ஆள் ஒருவன் வந்திருக்கிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன். மூளை கெட்டவள் நான். கமிட்டி வந்ததும் தோட்டத்தில்தான் கை வைத்தது. மொகலாயரிலிருந்து அதுதானே வழக்கம்? ஒரு டிசைனரைக் கூட்டி வந்தார்கள். “பாலி தீம்” என்றார் அந்த அம்மாள், பாலித் தீவு மாதிரியாம். கறுப்புக் கூழாங்கல், பிளாஸ்டிக் புல், தலை மட்டும் உள்ள புத்தர், விசிறி வாழை. தொட்டிக்கு நாற்றம் வராத மூடி போட்டு, பின்மூலையில் யோகா செய்ய மரப்பலகை மேடை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுசில் கூட்டம். திரையில் படம் ஓடியது. ஆத்தி இருந்த இடத்தில் பலகைமேல் ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து, அந்த மரத்தை வைத்துக்கொண்டே மேடை போடலாம், படம் நானே வரைந்து தருகிறேன் என்று இந்தியில் சொன்னேன். டிசைனர் புன்னகைத்தார். செக்ரட்டரி என்னிடம் தமிழில், “அது சும்மா காட்டு மரமுங்க ஆன்ட்டி. கோடைல மொட்டையா நிக்குது. பார்க்கவே நல்லால்லைங்க” என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உனக்கு நல்லாயில்லன்னா உன் ஜன்னலை மூடிக்கப்பா” என்றேன். தமிழ் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நிற்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, தொழிற்சாலை இந்தியில், “அரே பாய், யே ஆப்டா ஹை! தஸரே கா ஸோனா!” என்று தசராத் தங்கத்தைப் போட்டு உடைத்தார்.

கூடம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அப்புறம் ஒரே ஆரவாரம். நம் வளாகத்திலேயே ஆப்டாவா? இத்தனை நாள் தெரியாமல் போச்சே! பெண்கள் எழுந்து ஜன்னல் பக்கம் ஓடினார்கள். சேர்மன் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மரத்தை யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே அறிவித்தார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கு அறிவு இருக்கா? எத்தனை தடவை சொன்னேன்?”

“ஏம்மா, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? மரத்தக் காப்பாத்தினேனில்ல?”

“தசரா வரட்டும், தெரியும்.”

“நீ எப்பவும் இப்படித்தான். மனுஷங்கள நம்பவே மாட்ட” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மனுஷர்களை நம்புவதற்கு அவருக்கு இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. போசரியில் அவர் வேலை பார்த்த காலம் முழுக்க அவருக்குப் பெயரே கிடையாது, “அண்ணா”தான். தெற்கிலிருந்து வந்த எவனும் அண்ணா. பாசத்தில் சொல்வதும் உண்டு, நக்கலில் சொல்வதும் உண்டு, இரண்டையும் ஒரே சிரிப்போடு வாங்கிக்கொள்வார். வாகட்டுக்கு வந்தபிறகும் சாயங்காலப் பெஞ்சில் கிழவர்கள் மராத்தியில் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது, இவர் அரை வினாடி பிந்திச் சிரிப்பார். மாடியிலிருந்து பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. சித்தப்பா முறை வைத்து “காகா, காகா” என்று கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். சேர்மன் வீட்டிலிருந்து பூரண்போளி வந்தது. மனுஷர் இஸ்திரி போட்ட சட்டையோடு பெஞ்சுக்குப் போக ஆரம்பித்தார். மரம் என்னுடையது, புகழ் அவருடையது. போகட்டும், மரம் இருந்தால் சரி என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தசரா அன்று மரத்தடியைக் கூட்டி ரங்கோலி போட்டிருந்தார்கள். செண்டு மல்லி மாலையை அடிமரத்தில் சுற்றி, மஞ்சள் குங்குமம் பூசி, விளக்கேற்றினார்கள். அவரை அழைத்துச் சால்வை போர்த்தித் தேங்காய் கொடுத்தார் சேர்மன். மராத்தியில் சேர்மன் பேசியதில் “தெற்கிலிருந்து வந்தாலும் நம் சம்ஸ்காரத்தைக் காப்பாற்றிய காகா” என்று ஒரு வரி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இவர் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பூஜை முடிந்ததும் சேர்மன் கும்பிட்டுவிட்டு ஓர் இலையைக் கிள்ளினார். அவர் மனைவி இரண்டு கிள்ளினாள். அப்புறம் கை எட்டுகிற உயரத்தில் எதுவும் மிச்சமில்லை. யாரோ கிளப் ஹவுசிலிருந்து நாற்காலி கொண்டு வந்தார்கள். ஒருவன் காரின் மேலேயே ஏறினான். கீழே நிற்கிறவர்களுக்கு எட்டட்டும் என்று ஒரு கிளையை நாலு பேர் பிடித்து வளைத்தார்கள். “அரே, ஸாவகாஷ், ஸாவகாஷ்” என்று மெதுவாகப் பிடிக்கச் சொன்னவரும் கையில் பை வைத்திருந்தார். கிளை படீரென்று அடிமரத்தோடு பிளந்து இறங்கியது. ஒருவரும் பதறவில்லை. விழுந்த கிளையில் பறிப்பது சுலபம் என்று அதன்மேல் குனிந்தார்கள். “அடப்பாவிகளா, கும்பிட்ட கை காயலையே இன்னும்!” என்று தமிழில் கத்தினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து ஒரு பெண் என் காலைத் தொட்டு, கையில் இரண்டு இலையை வைத்தாள். தங்கமாய் இருக்கச் சொன்னாள்.

அதற்கு என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை. நல்ல பெண். நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் முழுக்கக் கதவு தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் என் மரத்தின் இலையை எனக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சோபாவுக்கு எதிரில் இருக்கிற சின்ன மேஜையில் இலை மலையாகக் குவிந்தது. அவர் சால்வையைக் கழற்றவே இல்லை. ஒவ்வொருவரையும் கட்டிப் பிடித்து, வாழ்த்தை அவர்கள் பாஷையிலேயே திருப்பிச் சொன்னார், உச்சரிப்புத் தவறாமல். செக்ரட்டரியும் வந்தான். “இந்த வருஷம் யாருமே வெளிய வாங்கலீங்க ஆன்ட்டி. பக்கத்து சொசைட்டிக்காரங்களுக்கும் குடுத்துட்டோம்” என்றான். முகத்தில் அவ்வளவு நிஜமான சந்தோஷம்.

“அடுத்த வருஷத்துக்கு?” என்று கேட்டேன்.

“அதுக்கென்னங்க, எப்பவும் போல மார்க்கெட்ல வாங்கிக்கலாம்” என்றான்.

மறுநாள் காலையில் லிஃப்டிலும் படியிலும் அந்தத் தங்கம் மிதிபட்டுக் கிடந்தது. கூட்டுகிறவர்கள் கறுப்புப் பைகளில் அள்ளிக் கட்டினார்கள். மரம் பாதி பிளந்து, ஓர் இலைகூட இல்லாமல், மாலை மட்டும் கழுத்தில் தொங்க நின்றது. பிளந்த இடத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். ஆத்தி அப்படி லேசில் சாகிற மரம் இல்லை. எனக்குத் தெரியும், குன்றில் எத்தனை மரத்தைப் பார்த்திருக்கிறேன். மழைக்குத் துளிர்த்துவிடும்.

ஆனால் தீபாவளி வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வருவார்கள், விளக்கு போட வேண்டும், கட்டுப் போட்ட மொட்டை மரம் அவலட்சணமாக நிற்கிறது என்று வாட்சாப்பில் பேச்சு. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் கிளப் ஹவுஸ், அதே பெண் திரையில் அதே பலகைமேல். மரம் வெட்ட அனுமதி வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். பட்டுப்போன மரம் என்று போட்டோ அனுப்பிக் கேட்கலாம் என்று பதில் வந்தது. பட்டுப்போகவில்லை என்று நான் எழுந்து சொன்னேன். பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறது, யார் வேண்டுமானாலும் இப்போதே வந்து பாருங்கள் என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. “அடுத்த மழை வரைக்கும் குடுங்க” என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் பில்டரிடம்கூட நான் கெஞ்சினது இல்லை.

“காக்கு, சென்டிமென்ட் புரிகிறது. ஓட்டுக்கு விட்டுவிடுவோம்” என்றார் சேர்மன், சித்தி முறை வைத்து, ரொம்ப மரியாதையாக. மரத்தை எடுத்துவிட்டு மேடை போடச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும்.

அவர் அன்றைக்கு என் பக்கத்தில் இல்லை. முன்வரிசையில் சேர்மனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இந்தத் தடவை அவர் எழுந்து கத்த மாட்டாரா என்று எனக்கு ஒரு நப்பாசை. அன்றைக்குச் சட்டையைப் பிடித்து இழுத்தேனே, இன்றைக்கு இழுக்க மாட்டேன், என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று இருந்தது. முதலில் சேர்மன் கையைத் தூக்கினார். செக்ரட்டரி தூக்கினான். என் காலைத் தொட்ட பெண் தூக்கினாள். கூடம் முழுக்கக் கை. சேர்மன் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். தோள்பட்டை வலி என்று மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பா எடுத்துத் தராத மனுஷர், காதுக்கு மேலே கையைத் தூக்கினார்.

நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம். அவர் கதவைப் பார்த்தபடியே பேசினார்.

“எல்லாரும் தூக்கறப்ப நான் ஒருத்தன் மட்டும் எப்படிம்மா சும்மா ஒக்காந்திருக்கறது?”

“நான் ஒக்காந்திருந்தேனே” என்றேன்.